வீட்டு வானிலை நிலையம் வைஃபையில் சேரவில்லை. கருவியையே மாற்ற வேண்டுமா?

வேண்டாம். புதுசு வாங்க எடுத்த ஏடிஎம் கார்டை உள்ளே வையுங்கள், முதலில் இதைப் படியுங்கள்.

"வீட்டுக்குள் இருக்கிற திரையில் வெப்பம், காற்று, மழை எல்லாம் தெரிகிறது, நெட்டில் மட்டும் ஏறவில்லை, கஸ்டமர் கேரில் போர்டு (உள்ளே இருக்கிற மின்சுற்றுப் பலகை) போய்விட்டது என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அதற்கு முன்னால் ஒரு கேள்வியும் வந்தது: "மேடம், வீட்டுல சார் இருந்தா கொஞ்சம் குடுங்களேன்." சார் இருக்கிறார். எங்கள் வீட்டு ரவுட்டர் எந்த அறையில் இருக்கிறது என்று சாரைக் கேட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்.

நான் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், வடகம் போட்டு விற்கிறவள். உங்களுக்கு எதற்கு வானிலை நிலையம், போனில் பார்த்தால் போதாதா என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். போன் காட்டுவது பெரும்பாலும் கணக்குப் போட்டுச் சொல்லும் ஊர்ப் பொதுக்கணக்கு. என் மொட்டைமாடியில் கிடக்கிற பாய்க்கு அது உதவாது. அப்பளத்துக்குக் கொஞ்ச நேர உலர்த்தல் போதும். கூழ்வடகத்துக்கு இரண்டு முழு நாள் வெயில் வேண்டும். ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து வருகிற சாரல் மழைமானியில் ஒரு புள்ளிகூட ஏறாது (உள்ளே இருக்கிற சின்ன வாளி சாய்வதற்கே கால் மில்லிமீட்டர் போல வேண்டும்), ஆனால் வடகத்தை நமுத்துப்போக வைத்துவிடும். அதனால் நான் பார்ப்பது ஈரப்பதம். 2023 டிசம்பர் 17, 18 மழைக்குப் பிறகு தம்பி இந்த நிலையத்தை வாங்கிக் கொடுத்தான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அதே மழைதான். எங்கள் வீட்டில் உளுந்து மூட்டை போனது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கருவியில் இரண்டு தொடர்பு இருக்கிறது. மாடியில் இருக்கிற சென்சார் வீட்டுக்குள் திரையோடு இருக்கிற பெட்டியோடு பேசுவது தனி ரேடியோ அலையில், 433 அல்லது 868 மெகாஹெர்ட்ஸ் மாதிரி. அதற்கும் நெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. பெட்டி ரவுட்டரோடு பேசுவதுதான் வைஃபை. திரையில் அளவு ஓடுகிறது என்றால் முதல் தொடர்பு உயிரோடு இருக்கிறது. கஸ்டமர் கேர் சொன்னார்கள் என்று ஏணி போட்டு ஏறி சென்சாரின் பேட்டரியைக் கழற்றாதீர்கள். நான் ஏறினேன், இரண்டு தடவை. பக்கத்து வீட்டு மதினி கீழே நின்று பதறியதுதான் மிச்சம்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. இடி விழுந்து பழைய ரவுட்டர் செத்தது. நெட்காரப் பையன் வந்து புதுசு மாட்டினான். "டூயல் பேண்டுக்கா, ஸ்பீடு பறக்கும்." பறந்தது. வானிலைப் பெட்டி மட்டும் அன்றைக்கே விழுந்தது. வீட்டுக்கு வாங்குகிற இந்த மாதிரிப் பெட்டிகளில் அனேகமாக எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் தெரிந்தவை. 5 கிகாஹெர்ட்ஸ் அதன் கண்ணுக்கே படாது. புது ரவுட்டர் இரண்டையும் ஒரே பெயரில் வைத்துக்கொண்டு, வருகிற கருவியை எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் தள்ளப் பார்க்கிறது. போதாததற்குப் பாதுகாப்பு முறை புது டபிள்யூபிஏ3-க்குப் போயிருந்தது, பெட்டிக்குத் தெரிந்ததோ டபிள்யூபிஏ2.

ஒரே பெயர் இருந்தாலும் 2.4 கருவி தானாகவே சேர வேண்டுமே என்று பாடம் எடுக்க யாராவது வருவார்கள். சேர வேண்டும்தான். எங்கள் வீட்டில் சேரவில்லை. நான் இன்ஜினியர் இல்லை, என் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

போர்டு போய்விட்டதா இல்லையா என்பதை ஐந்து நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம். இன்னொரு போனில் ஹாட்ஸ்பாட் போடுங்கள், அதன் செட்டிங்ஸில் 2.4 என்று தேர்ந்தெடுங்கள், பெட்டியை அதில் சேருங்கள். சேர்ந்துவிட்டால் போர்டு நன்றாக இருக்கிறது, வழக்கு ரவுட்டர் மேல்தான். எனக்கு உடனே சேர்ந்தது. அந்த நிமிடம் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, சாரிடம் கொடுக்காமல் நானே பேசினேன்.

பெட்டியைச் சேர்க்கிற இடத்திலும் ஒரு பள்ளம் உண்டு. செட்டப் பட்டனை அமுக்கினால் பெட்டியே ஒரு குட்டி வைஃபை விடும். போனை அதில் சேர்த்துவிட்டு, பிரவுசரில் 192.168.4.1 மாதிரி ஒரு முகவரிக்குப் போகச் சொல்வார்கள் (உங்கள் கையேட்டில் வேறு இருந்தால் அதைப் போடுங்கள்). அந்தக் குட்டி வைஃபையில் இன்டர்நெட் கிடையாது. போன் அதைக் கண்டுபிடித்துச் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், பக்கம் திறக்காது. நான் ஒரு சாயங்காலம் முழுக்க இதில் தொலைத்தேன். மொபைல் டேட்டாவை அணைத்ததும் முதல் தடவையிலேயே திறந்தது.

ரவுட்டரில் 2.4-க்குத் தனிப் பெயர் வைக்க வேண்டும். ரவுட்டர் செட்டிங்ஸுக்குள் நுழையப் பாஸ்வேர்டு கேட்டபோது நெட்காரப் பையன், "அதெல்லாம் ஆபீஸ்ல தரமாட்டாங்கக்கா" என்றான். ரவுட்டரைத் திருப்பினேன், அடியிலேயே ஸ்டிக்கரில் இருந்தது. தனிப் பெயர், டபிள்யூபிஏ2, சேமி. பெட்டி சேர்ந்துவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. சில நாள் ஓடும், திடீரென்று காணாமல் போகும், ரவுட்டரை அணைத்துப் போட்டால் திரும்பி வரும். காரணம் பிடிபட ஒரு மாதம் ஆனது. ரவுட்டர் சேனலை (வைஃபை ஓடுகிற அலைத் தடம்) தானே மாற்றிக்கொள்கிறது. இங்கே 2.4-இல் 13 சேனல் உண்டு, என் பெட்டிக்கு 11 வரைதான் தெரியும். ரவுட்டர் 13-க்குப் போன நாளெல்லாம் போனுக்கு வைஃபை தெரியும், பெட்டிக்குத் தெரியாது. சேனலை 6 என்று நிறுத்தி வைத்தேன். அதற்குப் பிறகு விழவில்லை. பெட்டியை இரும்பு பீரோ மேலிருந்து இறக்கி ஜன்னலோரம் வைத்ததும் அதே நாள்தான். எது எவ்வளவு உதவியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

சேர்ந்த பிறகு நேரத்தையும் பாருங்கள். எனக்கு அன்றாட மழைக்கணக்கு விடிகாலை ஐந்தரைக்குப் பூஜ்யம் ஆனது. நம் ஐந்தரை மணி என்பது கிரீன்விச்சில் நள்ளிரவு. பெட்டி அந்த ஊர் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வானிலைத் துறை காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை ஒரு நாளாக எண்ணுகிறது, அதனால் அவர்கள் கணக்கோடு உங்கள் கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் உடனே கருவியைத் திட்டாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. எந்த ஊரிலோ மெஷினில் அடித்த அப்பளத்தைப் பாக்கெட் போட்டு, மேலே எங்கள் ஊர்ப் பெயரை ஒட்டி, கையால் தேய்த்தது என்று விற்கிறார்கள். கடையில் வாங்குகிறவர்கள் என்னிடம் வந்து "அது விலை கம்மியா இருக்கே மாமி" என்கிறார்கள். உளுந்து என்ன விலை விற்கிறது, மாவிடிக்க எத்தனை கை வேண்டும், பிரண்டைக்கு எங்கெல்லாம் அலைகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. ஈரப்பதம் பார்த்துப் பாய் விரிக்கிறோம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சரி, விடுங்கள்.

நீங்கள் முதலில் ஹாட்ஸ்பாட் சோதனையைச் செய்துவிட்டு, சேர்ந்ததா இல்லையா என்று கீழே எழுதுங்கள். அதிலும் சேரவில்லை என்றால் மட்டும் வாரண்டி சீட்டைத் தேடலாம். இன்னொன்று, அடுத்த தடவை ரவுட்டர் மாற்ற ஆள் வந்தால் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் 2.4-க்கு அப்படியே போட்டு, டபிள்யூபிஏ2, சேனல் 6 என்றே வைக்கச் சொல்லுங்கள், அனேகமாகப் பெட்டியைத் தொடவே வேண்டியிருக்காது. நான் அதை ஒரு காகிதத்தில் எழுதி, ரவுட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.