ஒற்றை விதைக் கிடாய்: கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: எங்கள் வெள்ளாடு ஈன்ற கிடாய்க்குட்டிக்கு மூன்று மாதமாகிறது. பையைத் தொட்டால் ஒரு விதைதான் தட்டுப்படுகிறது. வளர வளர இறங்கிவிடும் என்கிறார்கள் சிலர். ஹார்மோன் ஊசி போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். நல்ல உயரமான குட்டி, பொலிக்கு வைக்க நினைத்தோம். என்ன செய்யட்டும் டாக்டர்?
(வாசகி, தேவிபட்டினம்)

பதில்: ஊசிக்குப் பணம் செலவழிக்காதீர்கள் அம்மா. பொலிக்கும் வைக்க வேண்டாம்.

காத்திருக்கச் சொன்னவர்கள் நாய்க்குட்டியைப் பார்த்துப் பழகியவர்களாக இருக்கலாம். நாய்க்குப் பிறக்கும்போது விதைகள் உள்ளேதான் இருக்கும். ஆறு, எட்டு வாரத்தில் பைக்கு வந்துவிடும். ஆட்டுக்கு அந்த வேலை தாய் வயிற்றிலேயே, ஐந்து மாதச் சினைக்குள் முடிந்திருக்க வேண்டும்.

கருவில் விதை உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து பைக்கு வர, விதையே இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. முதலாவது ஐஎன்எஸ்எல்3. விதையின் அடியிலிருந்து தொடை இடுக்குக்குப் போகும் ஒரு திசுக்கயிற்றை அது தடிக்க வைக்கிறது. நங்கூரம் பாய்ச்சிய வள்ளம் நீரோட்டத்தில் போகாமல் நிற்கிற மாதிரி, கருவின் உடல் நீண்டு வளர்ந்தாலும் விதை தொடை இடுக்கை விட்டு விலகாது. 1999இல் சுண்டெலிகளில் இந்த ஹார்மோனுக்கான மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். ஆண் எலிகளின் விதைகள் வயிற்றுக்குள் மேலேயே தங்கிவிட்டன. அடுத்து தொடை இடுக்கைத் தாண்டிப் பைக்குள் இறங்குவதற்கு டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். அந்தப் பருவம் உங்கள் குட்டிக்கு எப்போதோ கடந்துவிட்டது.

இறங்கிய ஒற்றை விதையாலேயே அது பெட்டைகளைச் சினைப்படுத்திவிடும். கவலையே அதில்தான், ஏனென்றால் இந்தக் குறை பரம்பரையாக வரக்கூடியது. எவ்வளவு உயரமான குட்டியானாலும் பொலிக்கு விட்டால் நாளைக்கு உங்கள் மந்தையிலேயே இது திரும்ப வரலாம்.

கறிக்கு வளர்த்து விற்றுவிடுங்கள், அதுவரை பெட்டைகளோடு சேர விடாதீர்கள். காயடிப்பதென்றால் உள்ளே இருப்பதையும் அறுவை செய்து எடுக்க வேண்டும். வெளியே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தக் கூடாது. உள்ளே தங்கிய விதை உடல் சூட்டில் விந்தணு உண்டாக்காதே தவிர, டெஸ்டோஸ்டிரோனைச் சுரந்துகொண்டே இருக்கும். கிடாய் வாடையும் முட்டலும் அப்படியே இருக்கும்.

கேள்வி: ஆவுளியாவுக்கும் (கடல்பசு) ஓங்கிலுக்கும் (டால்பின்) பையே வெளியே தெரியாதே, எப்படி?
(வாசகர், மண்டபம்)

பதில்: இரண்டுக்கும் விதைகள் உடலுக்குள்தான். ஓங்கிலுக்கு முதுகுத் துடுப்பிலும் வாலிலும் குளிர்ந்த ரத்தம் விதைகளைச் சுற்றி ஓடிச் சூட்டைத் தணிக்கிறது. ஆவுளியா யானைக்கு உறவு. யானையைப் போலவே அதற்கும் விதைகள் வயிற்றுக்குள். ஆவுளியாவின் நெருங்கிய சொந்தமான மானட்டியின் மரபணுக்களை ஆராய்ந்து 2018இல் ஒரு முடிவு வந்தது: மேலே சொன்ன முதல் ஹார்மோன் வேலை செய்ய வேண்டிய வழியில் மரபணு செயலிழந்து, அதன் மிச்சம் மட்டும் இருக்கிறது. அதாவது, அவற்றின் மூதாதைகளுக்கு ஒரு காலத்தில் விதைகள் இறங்கியிருக்கின்றன.