எலக்ட்ரானின் மின்னூட்டம் 4.8 × 10⁻¹⁰ என்று பழைய புத்தகத்திலும் 1.6 × 10⁻¹⁹ என்று பாடநூலிலும் இருக்கிறதே, எது சரி?

இரண்டுமே சரி. பாடநூல் கூலூமில் சொல்கிறது. நீங்கள் பார்த்த பழைய புத்தகம் சி.ஜி.எஸ். (சென்டிமீட்டர்-கிராம்-வினாடி) முறையின் நிலைமின் அலகில் சொல்கிறது. அதற்கு ஸ்டாட்கூலூம் என்று பெயர், இ.எஸ்.யு. என்றும் எழுதுவார்கள், சில புத்தகங்களில் பிராங்க்ளின் என்றும் இருக்கும். ஒரு கூலூமுக்கு ஏறத்தாழ 2.998 × 10⁹ ஸ்டாட்கூலூம். 1.602 × 10⁻¹⁹-ஐ அதனால் பெருக்கிப் பாருங்கள், 4.803 × 10⁻¹⁰ வந்துவிடும்.

கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் அந்த 2.998 எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மாற்றினால், அடுத்த கணக்கிலேயே சிக்கிக்கொள்வீர்கள். இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்றும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய முறையில் மின்னூட்டத்துக்கென்று தனி அடிப்படை அலகு கிடையாது. சென்டிமீட்டர், கிராம், வினாடி மூன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வெற்றிடத்தில் ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு சமமான மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஒரு டைன் விசையோடு தள்ளினால், ஒவ்வொன்றும் 1 ஸ்டாட்கூலூம். கூலூம் விதியின் முன்னால் மாறிலியே வராது, அதன் மதிப்பு வெறும் 1. இப்போது அதே நிலையை எஸ்.ஐ. முறையில் போட்டுப் பாருங்கள். ஒரு டைன் என்பது 10⁻⁵ நியூட்டன், தூரம் 0.01 மீட்டர், மாறிலி 8.988 × 10⁹. மின்னூட்டம் 3.336 × 10⁻¹⁰ கூலூம் என்று வரும். அதன் தலைகீழ்தான் 2.998 × 10⁹. எந்த அட்டவணையும் இல்லாமல் நீங்களே வருவித்துவிடலாம்.

சரி, 2.998 என்றதும் ஒளியின் வேகம் நினைவுக்கு வருகிறதா? வர வேண்டும். பழைய காலத்தில் மின்னூட்டத்தை அளக்க இன்னொரு வழியும் இருந்தது. மின்னோட்டம் பாயும் இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள விசையை வைத்து மின்னோட்டத்தை வரையறுத்து, அதிலிருந்து மின்னூட்டத்தைப் பெறுவது. அந்த அலகு அப்கூலூம், அதாவது 10 கூலூம். ஒரு அப்கூலூமில் எத்தனை ஸ்டாட்கூலூம் என்று பார்த்தால் 2.998 × 10¹⁰. இந்த விகிதம் வெறும் எண் இல்லை. இரண்டு அலகுகளின் பரிமாணங்களையும் வகுத்தால் மிஞ்சுவது சென்டிமீட்டர்/வினாடி, அதாவது ஒரு வேகம்.

1856-இல் ஜெர்மனியில் வெபரும் கோல்ராஷும் இந்த விகிதத்தைச் சோதனையில் அளந்தார்கள். லெய்டன் ஜாடியில் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் கண்ணாடி ஜாடி) சேர்த்த மின்னூட்டத்தை ஒரு முறை நிலைமின் விசையாலும், அதே அளவு மின்னூட்டத்தை கால்வனோமீட்டர் (மின்னோட்டத்தைக் காட்டும் கருவி) வழியாக இறக்கி இன்னொரு முறை காந்த விளைவாலும் அளந்தார்கள். அவர்கள் தந்த எண்ணிலிருந்து கிடைக்கும் வேகம் வினாடிக்குச் சுமார் 3,10,740 கிலோமீட்டர். பிஸோ 1849-இல் பல்சக்கரத்தை வைத்து அளந்த ஒளியின் வேகமும் இதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. மேக்ஸ்வெல் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான், ஒளியே ஒரு மின்காந்த அலை என்ற முடிவுக்கு வந்தார். ஜாடியும் கம்பிச் சுருளும் வைத்து, வெளிச்சமே இல்லாமல் ஒளியின் வேகத்தைக் கண்டிருக்கிறார்கள்!

அப்புறம், கணக்குப் போடும்போது மாட்டிவிடும் இடம். அங்குலத்தைச் சென்டிமீட்டர் ஆக்கும்போது சூத்திரம் மாறாது, எண் மட்டும் மாறும். இங்கே சூத்திரமும் மாறுகிறது. ஹைட்ரஜனில் எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடையே 0.529 × 10⁻⁸ சென்டிமீட்டர் தூரத்தில் உள்ள நிலை ஆற்றலை எடுத்துக்கொள்வோம் (குறியை விட்டுவிடுகிறேன்). பழைய முறையில் 4.803 × 10⁻¹⁰-இன் வர்க்கத்தைத் தூரத்தால் வகுத்தால் போதும், 4.36 × 10⁻¹¹ எர்க் (சி.ஜி.எஸ். முறையின் ஆற்றல் அலகு). எஸ்.ஐ.-யில் 1.602 × 10⁻¹⁹-இன் வர்க்கத்தை 8.988 × 10⁹-ஆல் பெருக்கி, மீட்டரில் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பது 4.36 × 10⁻¹⁸ ஜூல். ஒரு ஜூல் 10⁷ எர்க், ஆக இரண்டும் ஒன்றே. பழைய புத்தகத்தின் சூத்திரத்தில் கூலூம் மதிப்பைப் போட்டால் விடை அர்த்தமற்றதாகிவிடும். எண்ணை எடுக்கும் முறையிலேயே சூத்திரத்தையும் எடுங்கள். விடை வந்த பிறகு எர்க்கை ஜூலாக்குவது சுலபம்.

பழைய ஆய்வுகளைப் படிக்கவும் இது உதவும். மில்லிகன் எண்ணெய்த் துளிச் சோதனையில் 1913-இல் தந்த மதிப்பு 4.774 × 10⁻¹⁰ ஸ்டாட்கூலூம். மாற்றினால் 1.592 × 10⁻¹⁹ கூலூம், இன்றைய மதிப்பைவிட அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் குறைவு. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட மதிப்பு சற்றுக் குறைவாக இருந்ததுதான் முக்கியக் காரணம். அலகு மாற்றத்தில் வந்த வித்தியாசம் இல்லை அது.

2019 மே 20 முதல் எலக்ட்ரானின் மின்னூட்ட அளவு 1.602176634 × 10⁻¹⁹ கூலூம் என்று வரையறையாகவே நிலைநிறுத்தப்பட்டுவிட்டது. கூலூமே இந்த எண்ணை வைத்து வரையறுக்கப்படுவதால், கூலூம் விதியின் எஸ்.ஐ. மாறிலி இப்போது சோதனையில் அளந்து பெறும் எண் ஆகிவிட்டது; அதனால் 2.99792458 × 10⁹ என்ற மாற்றுக் காரணி இப்போது முழுத் துல்லியமானது இல்லை. ஆனால் வேறுபாடு நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு, உங்கள் கணக்கை அது தொடவே தொடாது.

வேதியியல் படிப்பவர்களுக்கு ஸ்டாட்கூலூம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மின் இருமுனை திருப்புத்திறனைச் சொல்லும் டிபை என்ற அலகு 10⁻¹⁸ ஸ்டாட்கூலூம் சென்டிமீட்டர், அதாவது 3.336 × 10⁻³⁰ கூலூம் மீட்டர். தண்ணீர் மூலக்கூறுக்கு 1.85 டிபை.

உங்கள் புத்தகத்தில் வேறு பக்கத்தில் 1.6 × 10⁻²⁰ என்று இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். அது அப்கூலூம்.