ஒத்திகை இல்லாத நாடகம்: சங்கரதாஸ் சுவாமிகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

கே: சங்கரதாஸ் சுவாமிகள் நடிப்பதை விட்டது ஏன்? பேய்க்கதை போல ஏதோ சொல்கிறார்களே?

ப: பேய் எதுவும் இல்லை, வேஷம்தான். தமிழ் நாடக ஆசிரியரான சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். கணக்கு வேலையை விட்டு 24 வயதில் நாடகத்துக்கு வந்தார். இரணியன், இராவணன், எமன் என்று பயங்கர வேஷங்களே அதிகம். நளதமயந்தி முடிந்த விடியற்காலையில், சனீஸ்வரன் ஒப்பனையோடு குளத்துக்குப் போனவரைக் கண்டு ஒரு கர்ப்பிணி பயந்து இறந்தாள் என்பது நாடக உலகில் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அதன்பின் நாடகம் எழுதிச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராகவே நின்றார். புதுக்கோட்டைக் கஞ்சிரா வித்துவான் மான்பூண்டியா பிள்ளையிடம் பெற்ற லய (தாள) ஞானம், பாட்டு எழுதுகிறவருக்குப் பெரிய மூலதனம்.

கே: திருவிழாவுக்கு வள்ளி திருமணம் பேசியிருக்கிறோம். வள்ளி ஓர் ஊர், முருகன் ஓர் ஊர், நாரதர் வேறோர் ஊர். ஒத்திகையே கிடையாதாம். சரியாக வருமா?

ப: வரும். பல ஊர் நடிகர்கள் ஓர் இரவுக்கு மட்டும் சேர்ந்து நடிக்கும் ஸ்பெஷல் நாடகமே அப்படித்தான். எல்லாருக்கும் சுவாமிகள் எழுதிய பாடம் (பாட்டும் வசனமும்) பொது. எந்த விருத்தத்துக்குப் (தாளமில்லாமல் ராகத்தில் பாடும் செய்யுள்) பின் எந்தப் பாட்டு, யார் எடுப்பது என்று தெரியும். நடுவே வரும் தர்க்கத்தை அவரவர் சரக்குக்கு ஏற்ப நீட்டிக்கொள்வார்கள். சென்னையில் 1891-இல் சுகுண விலாச சபை தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரின் வசன நாடகங்களை இப்படி நடத்த முடியாது. அவற்றுக்கு ஒத்திகை கட்டாயம்.

கெடுவது இரண்டு இடங்களில். முதலாவது சுருதி. ஸ்திரீபார்ட்டுக்கு (நாயகி வேஷம்) எத்தனை கட்டை சுருதி, ராஜபார்ட்டுக்கு (நாயகன் வேஷம்) எத்தனை என்று பின்பாட்டுக்காரரிடம் (ஆர்மோனியம் வாசித்துப் பாடுபவர்) மாலையிலேயே சொல்லிவிடுங்கள். ஆர்மோனியத்தில் கட்டை மாற்றுவது நொடி வேலை. மிருதங்கம் அப்படி மாறாது. இரண்டு சுருதிக்கு இரண்டு மிருதங்கம் இருந்தால் நல்லது. இரண்டாவது நேரம். பபூனும் டான்ஸும் ஒரு மணி நேரத்தைத் தின்னும். நாரதர்–வள்ளி தர்க்கம் கைதட்டலில் வளர்ந்துகொண்டே போகும். கடைசியில் கிழவன் வேஷமும் யானையும் பத்து நிமிடத்தில் முடிந்து, முருகன் தாலியோடு ஓட வேண்டியிருக்கும். வேலன் மேடையேறும் மணியை முன்கூட்டியே பேசி வையுங்கள். நாரதர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கே: பழைய புத்தகத்தைப் பார்த்து அவருடைய விருத்தங்களைப் பாடிப் பழகுகிறேன். பொருளே விளங்கவில்லை என்கிறார்கள்.

ப: அச்சில் உள்ள சீர்களை அப்படியே நிறுத்தி நிறுத்திப் பாடுகிறீர்கள் போலிருக்கிறது. சீர் என்பது ஓசைக் கணக்கு, சொல்லின் எல்லை அல்ல. ‘மணவாளனைத் தேடி’ என்பது ‘மணவா ளனைத்தே டி’ என்று அச்சாகியிருக்கும். அப்படியே பாடினால் யாருக்குப் புரியும்? முதலில் பென்சிலால் பதம் பிரித்துக் கோடு போடுங்கள். பிறகு ராகமில்லாமல் வசனமாக இரண்டு முறை வாசியுங்கள். நான்கு அடிகளின் இரண்டாம் எழுத்தும் எதுகையாக ஒத்து வரும், அதை வைத்து அடியின் தொடக்கத்தைப் பிடிக்கலாம். மூச்சை அரையடியில் அல்லது அடி முடிவில் விடுங்கள், சொல்லின் நடுவில் பிருகா (வேகமான குரல் அசைவு) வேண்டாம். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது, மிருதங்கம் சும்மா இருக்கும். ராகமாலிகையாக (ராகம் மாற்றி மாற்றி) பாடினால் கடைசி அடி, அடுத்து வரும் பாட்டின் ராகத்தில் வந்து நிற்க வேண்டும். வேறு ராகத்தில் விட்டுவிட்டால் ஆர்மோனியக்காரர் தடுமாறுவார். பாட்டின் எடுப்பு (தொடக்கம்) தளரும்.

கே: ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதினாரா?

ப: ஆம். சிறுவர்களே நடித்த அவருடைய பாலர் சபையில் சிறுவனாக இருந்து அபிமன்யுவாக நடித்த டி.கே. சண்முகமே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தச் சபை, தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, 1918-இல் மதுரையில் தொடங்கியது. சுவாமிகள் 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் காலமானார்.

கே: மகரக்கட்டு என்றால் என்ன?

ப: பையன்களுக்குக் குரல் உடையும் பருவம். அந்நாளைய பாலர் கம்பெனிகளுக்கு அது தலைவலியாக இருந்தது: நேற்று வரை ராஜபார்ட் பாடியவன் மேல்ஸ்தாயியில் பிசிறுவான், பாட்டுக் குறைந்த வேஷத்துக்கு மாற்றிவிடுவார்கள்.