சுரங்கக் கழிவில் உயிர்க்கரி கலந்தால் நச்சு உலோகங்கள் நீங்கிவிடுமா?

நீங்குவதில்லை, கழிவிலேயே இருந்தபடி, நீரில் கரைந்து வெளியேறுவது குறைகிறது. மரத்துண்டு, உமி போன்றவற்றைக் காற்றுப் புகாமல் ஏறத்தாழ 350 முதல் 700 பாகை செல்சியசில் சுட்டுப் பெறும் உயிர்க்கரி பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது என்பதால், கழிவின் அமிலத்தைத் தணித்து, ஈயம், காட்மியம், துத்தநாகம் ஆகியவற்றைக் கரையாத சேர்மங்களாகப் படியச் செய்வதோடு, தன் நுண்துளைப் பரப்பிலும் அவற்றைப் பிடித்துவைக்கிறது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஆஸ்பென் நகருக்குக் குடிநீர் தரும் காசில் கிரீக் ஓடையின் கரையிலுள்ள ஹோப் என்னும் பழைய வெள்ளிச் சுரங்கத்தின் செங்குத்தான கழிவுச் சரிவில், உயிர்க்கரியையும் மட்கு உரத்தையும் கலந்து விதைத்து, புல் வளரச் செய்தார்கள். கரி ஈரத்தைத் தேக்கியது. வேர்கள் மண்ணைப் பிடித்தன. என் பார்வையில், உலோகப் பிணைப்பைவிட அந்தப் பச்சைப் போர்வையே பெரிய பலன், ஏனெனில் கழிவு அரித்து ஓடையில் விழுவதை அதுவே தடுக்கிறது.

ஆர்சனிக் உள்ள இடத்தில் மட்டும் கணக்கு மாறும். அது பெரும்பாலும் எதிர்மின் அயனியாக இருப்பதால், காரத்தன்மை கூடும்போது பிடிப்பு தளர்ந்து நீரில் கலக்கக்கூடும். காற்றும் நீரும் பட்டால் அமிலத்தை உண்டாக்கும் பைரைட்டு என்னும் இரும்பு–கந்தகக் கனிமம் மிகுந்த கழிவுக்குக் கரி மட்டும் போதாது, சுண்ணாம்பும் வேண்டும். ஆகவே அந்தந்தக் கழிவின் மாதிரியில் கரியைக் கலந்து, நீர் ஊற்றி, வடிநீரைச் சோதித்த பிறகே களத்தில் இறங்க வேண்டும்.