ஆப்பிரிக்காவின் முக்கிய மொழிக்குடும்பங்கள் எவை? சுவாகிலி, ஹவுசா, ஜூலு எல்லாம் ஒரே குடும்பமா?

இல்லை. சுவாகிலியும் ஜூலுவும் பங்காளிகள். ஹவுசா வேறு வீடு.

ஏறக்குறைய 2000 மொழிகள் புழங்கும் கண்டம் அது. மொழியியலாளர் ஜோசப் கிரீன்பர்க் 1963-இல் அவற்றை நைஜர்-காங்கோ, ஆப்ரோ-ஆசியம், நைலோ-சகாரா, கோய்சான் என்று நான்காகப் பிரித்தார். பாடநூல்களில் இன்றும் இந்த நான்குதான். ஆனால் மூன்றாவது ஆட்டம் கண்டிருக்கிறது, நான்காவது உடைந்தே போய்விட்டது.

பெரியது நைஜர்-காங்கோ. செனகலில் தொடங்கித் தென்னாப்பிரிக்கா வரை நீள்கிறது. இதன் பாண்டு கிளை நைஜீரியா-கேமரூன் எல்லைப் பக்கமிருந்து கிளம்பித் தெற்கே பரவியது. பாண்டு மொழியை அடையாளம் காணச் சொல்லின் தலையைப் பாருங்கள். நாம் 'கள்' என்று வாலில் ஒட்டுவோம், அங்கே தலை மாறும். மனிதன், மனிதர்கள் என்பதற்குச் சுவாகிலியில் 'ம்ட்டு', 'வாட்டு'. ஜூலுவில் 'உமுன்ட்டு', 'அபன்ட்டு'. பாண்டு என்ற பெயரே இதிலிருந்து வந்ததுதான்.

சுவாகிலியில் அரபுச் சொற்கள் ஏராளம். அதைப் பார்த்து அரபியின் உறவு என்று சொல்லிவிடுகிறார்கள். 'கிதாப்' என்ற அரபுச் சொல் அங்கே 'கிட்டாபு' ஆனது. 'கி' அவர்களுக்கு ஒருமை முன்னொட்டு என்பதால், பன்மை 'விட்டாபு' ஆகிவிட்டது! ஒரு புத்தகம் 'கிட்டாபு கிமோஜா', இரண்டு புத்தகங்கள் 'விட்டாபு விவிலி'. எண்ணுப்பெயரின் தலையும் கூடவே மாறுவதைக் கவனியுங்கள். சொல்தான் கடன், இலக்கணம் சொந்தம். 'கேமரூன் மொழி தமிழேதான்' என்று சுற்றும் காணொளிகளுக்கும் இதே பதில்தான்: நாலு சொல் ஒத்துப்போனால் உறவாகிவிடாது, ஒரு மொழியின் ஒலி இன்னொன்றில் எப்படி மாறுகிறது என்பது சொல்லுக்குச் சொல் ஒழுங்காகப் பொருந்த வேண்டும்.

இந்தத் தலைச் சோதனை எல்லா இடத்திலும் செல்லாது. யொருபாவும் நைஜர்-காங்கோவில்தான் வருகிறது, ஆனால் இப்படி முன்னொட்டு மாற்றிப் பன்மை சொல்வதில்லை. அங்கே சுருதிதான் முக்கியம். 'ஒகோ' என்பதைச் சொல்லும் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து அது கணவன், மண்வெட்டி, வண்டி என்று மாறும்.

ஹவுசா இருப்பது ஆப்ரோ-ஆசியத்தில், அரபி, அம்ஹாரிக், சோமாலி, பெர்பர் மொழிகளோடு. இந்தக் குடும்பத்தில் பல மொழிகள் 'நீ' என்பதிலேயே ஆண், பெண் பிரிக்கும். அரபியில் 'அன்த', 'அன்தி'. ஹவுசாவில் 'கை', 'கே'. சுவாகிலியில் இருவருக்கும் 'வேவே'தான்.

நைலோ-சகாராவில் லுவோ, மாசாய், டிங்கா வருகின்றன. இவை மூன்றும் நெருங்கிய உறவு என்பதில் சிக்கலில்லை. சொங்காய் போன்றவற்றை இதில் சேர்க்கலாமா என்பதில்தான் தகராறு.

கோய்சான் என்பது நாக்கைச் சொடுக்கிப் பேசும் மொழிகளை ஒன்றாகப் போட்டுக் கட்டிய மூட்டை. இன்று அதைக் குறைந்தது மூன்று குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். தான்சானியாவின் ஹட்சா அவை எதிலும் சேராத தனிமொழி. சொடுக்கொலியை மட்டும் வைத்து முடிவு செய்தால் மாட்டிக்கொள்வீர்கள்: ஜூலுவும் சோசாவும் அக்கம்பக்கத்து மொழிகளிடமிருந்து அதை எடுத்துக்கொண்ட பாண்டு மொழிகள்.

மடகாஸ்கரின் மலகாசி இந்த நான்கிலும் அடங்காது. அதற்கு மிக நெருங்கிய உறவு போர்னியோத் தீவில் பேசப்படும் மஅன்யான். மலாயும் அதே குடும்பம்தான்: வானத்துக்கு மலாயில் 'லாங்கிட்', மலகாசியில் 'லானிட்ர'.