டொனேஷன் கட்டும் முன் மகன் பதிவு செய்ததைக் கேளுங்கள்

பிளஸ் டூ படிக்கும் மகன் ராக் இசைப் பைத்தியமாக அலைகிறான், தனி ஆல்பம் போடுவேன் என்கிறான். அவன் மாமாவோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசிவிட்டார், நகையை அடகு வைக்கலாமா என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார். பதற்றம் புரிகிறது. ஆனால் வைக்காதீர்கள் அம்மா. கோடிங் பக்கம் தலைவைத்துப் படுக்காத பையனுக்கு அந்த சீட்டை வாங்கினால், நான்கு வருடம் கழித்து அரியரும் நிற்கும், வட்டியும் நிற்கும். வட்டியை மாமா கட்டப்போவதில்லை.

நீங்கள் குறையாக எழுதிய ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிடார் வாசிப்பதைவிட, நண்பர்கள் வாசிப்பதைப் பதிவு செய்வதில்தான் அவனுக்கு ராத்திரி போகிறதாம். மைக்கைக் குளியலறையிலும் மாடிப்படியிலும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்கிறானாம். இது ஒலிப்பதிவாளர் புத்தி.

ராக்கில் தனி ஆல்பம் என்பதே பெரும்பாலும் கூட்டுவேலை. ஜெனிசிஸ் என்ற ராக் குழுவிலிருந்து விலகிய பீட்டர் கேப்ரியல், 1980-இல் வந்த தன் மூன்றாவது ஆல்பத்துக்குப் பழைய கூட்டாளி ஃபில் காலின்ஸை டிரம்ஸ் வாசிக்க அழைத்தார். சிம்பல், அதாவது டிரம்ஸோடு சேர்த்து அடிக்கும் உலோகத் தட்டு, கூடாது என்பது நிபந்தனை. லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் மிக்ஸிங் டெஸ்க்கில் இருந்த ஒலிப்பதிவாளர் ஹியூ பேட்ஜம். வாசிக்கும் அறைக்குள் இருப்பவர் பேசுவது வெளியே டெஸ்க்கில் கேட்பதற்கென்றே அங்கே ஒரு மைக் உண்டு. மெல்லப் பேசினாலும் கேட்கும்படி அதில் பலமான கம்ப்ரஸர், அதாவது சின்னச் சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவரும் கருவி. அது திறந்திருந்த நேரத்தில் காலின்ஸ் டிரம்மை அடிக்க, அறையே இடிந்து விழுவதுபோல் ஒரு சத்தம். பேட்ஜம் அந்த மைக்கையே பதிவுக்கு இழுத்தார், சத்தம் குறைந்ததும் ஒலியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் என்ற கருவியை வைத்து எதிரொலியைப் பட்டென்று வெட்டினார். 1981-இல் காலின்ஸின் முதல் தனி ஆல்பத்திலும் பேட்ஜம் இருந்தார். அந்த டிரம்ஸ் சத்தமும் இருந்தது. எண்பதுகள் முழுக்க மற்றவர்கள் அதைக் காப்பியடித்தார்கள். ரசிகர்களில் எத்தனை பேருக்கு பேட்ஜம் முகம் தெரியும்?

சரி, எங்கே படிப்பது? சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் நான்கு ஆண்டு இளங்கலைப் படிப்பில் ஒலிப்பொறியியல் பிரிவு இருக்கிறது. அரசு நிறுவனம், மாமா பேசிய தொகைக்குப் பக்கத்தில்கூடக் கட்டணம் வராது. இடங்கள் குறைவு, அதனால் அறிவிப்பு வந்ததும் தகுதிப் பாடங்களைப் பார்த்து உடனே விண்ணப்பியுங்கள். இயற்பியலில் அவன் கோட்டை விடக் கூடாது. அதிர்வெண்ணும் டெசிபலும் தெரியாமல் இந்தத் தொழிலில் நிற்க முடியாது. பட்டம் முடித்தபின் புனே திரைப்படக் கல்லூரியிலும் ஒலிப்பதிவு படிக்கலாம். சினிமா, டப்பிங், விளம்பரம், மேடைக் கச்சேரி என்று வேலை பல பக்கம் இருக்கிறது. தொடக்கச் சம்பளம் சுமார்தான், அதை மறைக்க மாட்டேன்.

லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் அகாடமி என்றால், மாணவன் கையில் ஸ்டுடியோவை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் விடுவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். தரமாட்டோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தம்பி, உனக்கும் ஒன்று. ஆல்பம் போட வீட்டில் பணம் கேட்காதே. பரீட்சை முடிந்ததும் உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு மைக் செட் போடுபவரிடம் போய், கேபிள் சுருட்டுவதிலிருந்து ஆரம்பி.