அரையாண்டில் கணக்கு போய்விட்டது, பொதுத்தேர்வுக்குள் தேற்ற முடியுமா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். பையன் பத்தாவது. அரையாண்டில் கணக்கில் 27 மார்க். காலை நாலு மணிக்கு எழுப்பி உட்கார வைக்கிறேன். "படிச்சிட்டேன்" என்கிறான், பரீட்சையில் எழுத வரவில்லை. அவன் அப்பா டியூஷன் சேர்க்கலாம் என்கிறார். அறுவடை நேரம் வேறு. என்ன செய்வது?

பதில்: டியூஷனை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த 27 மார்க் விடைத்தாளைக் கையில் எடுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. தொடாமல் விட்டது எத்தனை, பாதியில் நின்றது எத்தனை, முழுசாக எழுதித் தப்பானது எத்தனை என்று பையனையே எண்ணச் சொல்லுங்கள். பாதியில் நின்றவைதான் அதிகம் என்றால் பாடம் புரிந்திருக்கிறது, கைதான் பழகவில்லை. டியூஷன் வேண்டாம். தொடாமல் விட்டதே அதிகம் என்றால் தாளோடு கணக்கு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.

"படிச்சிட்டேன்" என்று அவன் சொல்வது பொய்யில்லை. நோட்டைத் திறந்து வைத்துப் பார்த்தால் எல்லாக் கணக்கும் தெரிந்த மாதிரிதான் இருக்கும். மூடி வைத்துவிட்டு வெறும் தாளில் போட்டால்தான் எந்த வரியில் சிக்குகிறது என்று தெரியும். சிக்கிய கணக்கை மூன்று நாள் கழித்து மறுபடி போடட்டும். படிக்கிற நேரத்தில் பாதிக்கு மேல் பேனா ஓட வேண்டும்.

கணக்கில் தேர்ச்சிக்கு 35 போதும். அந்த 35 எங்கிருந்து வரும் என்று முதலிலேயே முடிவு செய்துவிடலாம். வினாத்தாளின் கடைசிப் பகுதியில் வடிவியலுக்கு 8 மார்க், வரைபடத்துக்கு 8 மார்க். இரண்டிலும் 'அல்லது' உண்டு. வடிவொத்த முக்கோணம், தொடுகோடு என்று வகைகள் எண்ணிவிடக்கூடியவைதான். தினம் ஒரு படம் வரையட்டும். உதவிப்படம், அளவுகள், வரைமுறை (எப்படி வரைந்தோம் என்ற படிகள்) எல்லாவற்றுக்கும் மார்க் இருக்கிறது. படத்தை மட்டும் அழகாக வரைந்துவிட்டு வரைமுறை எழுதாத பிள்ளைகள்தான் அதிகம். வரைபடத்தில் அட்டவணை, அளவுத்திட்டம், அச்சுகளின் பெயர், கடைசியில் தீர்வு. கோடு கொஞ்சம் கோணினாலும் இவை இருந்தால் மார்க் சேரும். பென்சிலைச் சீவி வைத்துக்கொள்ளவும் சொல்லுங்கள். மொட்டைப் பென்சிலால் குறித்த புள்ளி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் விடையே மாறும்.

ஒரு மார்க் கேள்வி 14. புக் பேக் கேள்விகளை, அதாவது புத்தகத்தில் பாடத்தின் கடைசியில் இருப்பவற்றை, வெறும் விடையாக உருப்போடாமல் போட்டுப் பார்க்க வேண்டும். தேர்வில் குறியீட்டையும் (அ, ஆ, இ, ஈ) விடையையும் சேர்த்தே எழுத வேண்டும். மீதிக்கு 'உறவுகளும் சார்புகளும்' பாடத்தையும், கடைசிப் பாடத்தில் திட்டவிலக்கத்தையும் பிடிக்கட்டும். முக்கோணவியல் இப்போதைக்கு இருக்கட்டும். எட்டுப் பாடத்தையும் ஒரே மூச்சில் முடிக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

நாலு மணி விஷயம். இரவு ஒன்பதரைக்குத் தூங்குகிற பையன் என்றால் சரி. பதினொன்று வரை போன் பார்ப்பவனை நாலுக்கு எழுப்பினால் கண்தான் திறந்திருக்கும்.

அறுவடைக்கு வருவோம். நெல்லைக் கொண்டுபோய் டிபிசியில் (அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம்) கொட்டிவிட்டு முறை வரும்வரை காவல் இருக்கப் பையனை அனுப்புவது நம் பக்கம் வழக்கம். பகலில் இரண்டு மணி நேரம் போய்வந்தால் பாதகமில்லை. இரவுக் காவல் மட்டும் வேண்டாம், அந்த ஒரு ராத்திரிக்கு இரண்டு நாள் படிப்பு போய்விடும். மிஷின் வயலில் ஓடுகிற அன்று வீட்டில் யாரும் அவனைப் "படி, படி" என்க வேண்டாம். அன்றைக்கு ஒரு படம் வரைந்தால் போதும்.

திருப்புதல் தேர்வுகள் முடிந்ததும் அந்தத் தாள்களையும் இதே மாதிரி எண்ணுங்கள். விட்ட கேள்விகள் குறையவே இல்லை என்றால் அப்போது டியூஷன் பற்றி யோசிக்கலாம். அதுவும் இருபது பேர் உட்காருகிற இடமாக இல்லாமல், இவன் எழுதியதைத் திருத்தித் தருகிறவரிடம். ஒன்று, "ஃபெயிலானா ஒரு வருஷம் போச்சு" என்று வீட்டில் பேச வேண்டாம். முடிவு வந்த கையோடு துணைத் தேர்வு நடக்கிறது, அதில் தேறினால் அதே ஆண்டு பதினொன்றில் சேர்ந்துவிடலாம்.